எந்திரத்தில் இரண்டு பேர்

செவ்வாய்க்கிழமை காலை ஆறே காலுக்கு மில்காரர் சாவியைக் கழுத்திலிருந்து கழற்றினார். இருபத்தாறு வருடமாகக் கழற்றாத சாவி. கயிறு கிடந்த இடத்தில் தோல் வெளுத்திருந்தது.

“வெச்சுக்கோம்மா,” என்றார். “எங்களுக்கு இனிமே இது எதுக்கு?”

சின்னவள் கையைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அவள் அவருடைய தம்பி மனைவி. தம்பி காய்ச்சலில் போய் நான்கு வருடமாகிறது.

“எத்தனை நாளைக்கு மாமா?”

“எத்தனை நாளா? எங்களுக்கு இன்னும் ஒம்பது நாள்தான். அப்புறம் உன் பாடு.”

அவர் மனைவி பெரியவள் தராசுக்குப் பக்கத்தில் நின்று படிக்கற்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒன்பது நாள் என்பது கணக்கு ஐயா சொன்னது. பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்றபின் வேதாகமத்தில் கணக்குப் போட ஆரம்பித்தார். தீர்க்கதரிசியின் நாளை வருடமாக்கி, வருடத்தை ராஜாக்களோடு கூட்டி, ராஜாக்களை மிருகங்களோடு கழித்து, கடைசியில் ஆண்டவர் வந்து தம்மவர்களை மேலே கூட்டிக்கொண்டு போகிற தேதிக்கு வந்தார். பெரிய படுக்கை விரிப்பில் அதை வரைந்து சபைக் கொட்டகையில் தொங்கவிட்டார்கள். பொன் தலையும் களிமண் பாதமும் உள்ள சிலை, நான்கு மிருகங்கள், ஏழு எக்காளங்கள், ஓரத்தில் சிவப்பு வட்டம். வட்டத்துக்குள் வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி.

பொய்க்காரர் இல்லை. சொன்ன அன்றே தன் குடையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று கொட்டகையில்தான் அந்தப் பேச்சும் வந்தது.

“ரெண்டு பொம்பளைங்க எந்திரத்துல அரைச்சுக்கிட்டு இருப்பாங்களாம்,” என்றார் கணக்கு ஐயா. “ஒருத்தியைக் கூட்டிக்கிட்டுப் போவார். ஒருத்தியை விட்டுட்டுப் போவார். அது எங்கேயோ இல்ல. நம்ம தெருவுலயும் எந்திரம் இருக்கு. அங்கயும் ரெண்டு பேர் இருக்காங்க.”

கொட்டகை முழுவதும் திரும்பியது. பெரியவள் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடி, உதடு அசைய உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சின்னவள் சுவரில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். காதுக்குள் மாவு. முந்தின நாள் இறங்கிய முப்பது மூட்டையையும் அடுக்கியவள் அவள்தான்.

“யாரை விட்டுட்டுப் போவாருன்னு கேக்கவே வேண்டாம்,” என்றாள் தையல்காரி.

சிரிப்பில் சின்னவள் விழித்துக்கொண்டாள். எதற்கென்று தெரியாமல் அவளும் சிரித்தாள். மறுநாளிலிருந்து தெருவில் அவளுக்கு அதுவே பெயர். விடப்பட்டவ.

மில்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தார். தான் போய்விடுவார். மனைவி போய்விடுவாள். பின்னால் விடப்பட்டவர்களுக்கு ஏழு வருடம் உபத்திரவ காலம். சின்னவளுக்குச் சலிக்கத் தெரியும், பெருக்கத் தெரியும். எந்திரத்தைத் தொட்டதே இல்லை. மோட்டார், பெல்ட், கல் எல்லாம் ஆம்பளை வேலை என்று அவர் அப்பா காலத்திலிருந்து ஒதுக்கி வைத்தது. தம்பி இறந்த பிறகு இவளை இவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகத்தான் ஏற்பாடு. அண்ணனுக்கு நான்கு பிள்ளைகள். சமைக்க ஆள் வேண்டும். அறுவடை முடிந்ததும் அனுப்புகிறேன் என்று எழுதியும் போட்டிருந்தார்.

“இனிமே அண்ணனும் வேண்டாம், அறுவடையும் வேண்டாம்,” என்றார். “மில்லு உன்னோடது. வா, கல்லைத் தூக்கலாம்.”

கடப்பாரையை நுழைத்து மேல்கல்லை இருவருமாகப் புரட்டினார்கள். அடியில் கல் வழவழவென்று தேய்ந்திருந்தது. அவர் உளியையும் சுத்தியலையும் அவள் கையில் வைத்தார்.

“நடுவுல ஆழமா கொத்து. வெளியே போகப் போக ஆழம் குறையணும். ஓரத்துல மயிர்க்கோடு மாதிரி இருந்தாப் போதும்.”

“தெரியும் மாமா.”

“எப்படித் தெரியும்?”

“பதினோரு வருஷமா அந்தச் சல்லடைக்குப் பின்னாடி நிக்கிறேன். கல்லு எப்போ நல்லா பேசுது, எப்போ முனகுதுன்னு காதுல விழாதா?”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கொத்தினாள். உளியிலிருந்து பொடி தெறித்தது. முதல் கோடு கோணலாகப் போனது. இரண்டாவது நேராக வந்தது. மூன்றாவதில் அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அப்போதும் அது நேராகவே இருந்தது.

ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தார். மாவு கையைச் சுட்டால் கல்லைக் கொஞ்சம் தூக்கு. தவிடு பெரிதாக வந்தால் இறக்கு. தானியம் கொட்டுகிற மேல்தொட்டி காலியாகிறவரை எங்கேயும் பராக்குப் பார்க்காதே. வெறுங்கல் ஓடினால் கொத்தின கொத்தெல்லாம் வீண். மாவு இறங்குகிற துணிக்குழாயைக் கட்டும்போது இரண்டு சுற்று, மேலே ஒரு மடிப்பு, அதற்கு மேல் முடிச்சு.

“மடிப்பை மறந்தே, குழாய் கழண்டுக்கும். அப்புறம் கூரை வரைக்கும் மாவுதான்.”

“சரி மாமா.”

“இன்னொண்ணு. நாங்க போனதுக்கப்புறம் ஒருத்தன் வருவான். நெத்தியிலயும் கையிலயும் முத்திரை குத்திக்கச் சொல்லுவான். குத்திக்காம ஒண்ணும் வாங்க முடியாது, விக்க முடியாதுன்னுவான்.”

“அவனுக்கு மாவு அரைச்சுக் குடுக்கணுமா?”

அவர் துணிக்குழாயின் முடிச்சை இன்னொருமுறை இழுத்துப் பார்த்தார். “மாவு குடு. முத்திரை மட்டும் குத்திக்காதே.”

“பாவி வந்தாலும் பசியோடதானே வருவான்.”

“அதான் சொல்றேன். குடு. ஆனா நெத்தியைக் காட்டாதே.”

வாசலில் நின்று அடுத்த ஆளைக் கூப்பிடுவதும் அவர் வேலை. “அடுத்து யாரு?” என்று அவர் கேட்டால் தெருமுனை டீக்கடை வரை கேட்கும். அவளைக் கூப்பிடச் சொன்னார். அவள் வாசலுக்குப் போனாள். “அடுத்து யாரு?” என்றாள். முன்னால் நின்றவளுக்கே கேட்கவில்லை. தையல்காரி கையைக் காதில் குவித்து, “விடப்பட்டவ என்னமோ சொல்றா,” என்றாள். வரிசை சிரித்தது.

பெரியவளும் தன் பங்குக்குச் சொல்லிக்கொடுத்தாள். சோப்பு எந்தப் பெட்டியில், உப்பு எந்த டப்பாவில், எந்தக் கோழி எங்கே ஒளிந்து முட்டையிடும். போட்டுக்கொண்டு போகவேண்டிய வெள்ளை உடுப்பை மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டாள். காற்று செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டியதால் நான்காவது தடவையும் துவைத்தாள்.

“ஏழு வருஷம் தனியா சாப்பிடுவியேடி,” என்றாள் கொடிக்கு அந்தப் பக்கமிருந்து.

“நிம்மதியா சாப்பிடுவேன். உப்பு குறைச்சலுன்னு சொல்ல ஆளிருக்காது.”

“வாயைப் பாரு. நான் அழுதுக்கிட்டு இருக்கேன், உனக்குக் கிண்டலா இருக்கு.”

“நீங்க அழாதீங்கக்கா. போற இடத்துல கண்ணீரையெல்லாம் துடைச்சுவிடுவாராமே. இங்கயே எல்லாத்தையும் கொட்டிட்டுப் போனா அவருக்கு என்ன வேலை?”

பெரியவள் மூக்கைச் சிந்தினாள். “உன் வீட்டுக்காரரைப் பார்த்தா ஏதாவது சொல்லணுமா?”

சின்னவள் கொடியில் கிடந்த துணியை இழுத்து நேராக்கினாள். “செத்தவங்கதான் முதல்ல எழுந்திருப்பாங்களாம். அவரு உயிரோட இருந்தப்பவே எட்டு மணிக்கு முன்னாடி எழுந்ததில்ல. நீங்க போய் ஒரு தட்டு தட்டுங்க.”

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் பெரியவள் ஈர உடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சின்னவளுக்குள் ஓடியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வியாழக்கிழமை ஆண்டவர் வந்தால், எல்லாரும் போவார்கள், அவள் விடப்படுவாள். வராவிட்டால், சாவி திரும்பிப் போகும், கல் திரும்பிப் போகும், அவள் அண்ணன் வீட்டு அடுப்படிக்குப் போவாள். எப்படிப் பார்த்தாலும் விடப்படுகிறவள் அவள்தான். சாவியை இடுப்பில் செருகியிருந்தாள். கொத்தும்போது அது இடித்தது. இடிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை கல்லைத் தனியாகப் புரட்டித் தனியாகக் கொத்தி முடித்தாள்.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குத் தெரு காலியானது. வெள்ளை உடுப்புகள் கொட்டகையை நோக்கிப் போயின. வீட்டில் இருந்த மாவு, தானியம் எல்லாவற்றையும் கணக்கு ஐயா சொன்னபடி பக்கத்து ஊர் ஆட்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர் பால் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். மில்காரர் வாசலில் நின்று உள்ளே ஒருமுறை பார்த்தார்.

“நீயும் வரலாமே?”

“வரலாம் மாமா. அங்க வந்து தூங்கிட்டேன்னா?”

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். பெரியவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பார்த்தால் நின்றுவிடுவாள் என்று இருவருக்கும் தெரியும்.

ஒன்றரை மணிக்கு விடுதிச் சமையல்காரி தள்ளுவண்டியில் மூன்று மூட்டை கோதுமையோடு வந்தாள்.

“மில்லு உண்டா இல்லியா?”

“நீங்க போகலியா?”

“அவர் வந்தாலும் வராட்டியும் சாயங்காலம் எழுபது பிள்ளைங்க தட்டைத் தூக்கிக்கிட்டு வரும். வந்தா அவங்களையும் கூட்டிக்கிட்டுப் போகட்டும், நல்லதுதான். வராட்டி நான்தானே பதில் சொல்லணும்? நாலு மணிக்கு வரேன். அரைச்சு வை.”

சின்னவள் மோட்டாரைப் போட்டாள். பெல்ட் ஒருமுறை துள்ளி ஓட ஆரம்பித்தது. கோதுமை இறங்கியது. கல் பேசியது. அவள் கொத்திய கல். விரலை மாவில் வைத்துப் பார்த்தாள், இளஞ்சூடு. கட்டைவிரலால் தேய்த்தாள். அவள் இதுவரை சலித்த எந்த மாவையும்விட மிருதுவாக இருந்தது. சொல்ல ஆள் இல்லை. கோழியிடம் சொன்னாள்.

இரண்டரை மணிக்கு யாரோ ஓடிவருகிற சத்தம். பெரியவள். வெள்ளை உடுப்பை முழங்கால்வரை தூக்கிப் பிடித்திருந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

“என்னக்கா ஆச்சு?”

“ரெண்டு பேருடி.”

“யாரு?”

“எந்திரத்துல ரெண்டு பேருன்னுதானே இருக்கு? விடப்படுறவ மட்டும் எந்திரத்துல இருப்பா, போறவ கொட்டகையில உக்காந்து பாடிக்கிட்டு இருப்பான்னு இல்லியே! போறவளும் அரைச்சுக்கிட்டுத்தான் இருப்பா. அரைச்சாங்கன்னு இல்ல, அரைச்சு முடிச்சுட்டாங்கன்னு இல்ல. அரைச்சுக்கிட்டு இருப்பாங்க. இத்தனை வருஷமா படிக்கிறேன், இன்னிக்குத்தான் கண்ணுல படுது.”

“அதுக்கு?”

“எழுந்து அதைச் சொன்னேன்.”

“எல்லாரும் இருக்கும்போதா?”

“மைக்கைப் பிடுங்கிச் சொன்னேன்.”

சின்னவள் சல்லடையைக் கீழே வைத்தாள். “கணக்கு ஐயா என்ன சொன்னாரு?”

“அது என் கணக்குல வரலியேன்னாரு. வரலன்னா கணக்குதான் தப்பு, எந்திரம் தப்பில்லைன்னேன். உங்க மாமா என் கையைப் பிடிச்சு இழுத்தாரு. என் இடம் தராசுகிட்டன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.” உடுப்பின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டாள். “தள்ளு. என்ன செய்யணும்?”

“வெள்ளைத் துணி அழுக்காகும்.”

“மாவும் வெள்ளைதான். சொல்லுடி, நேரம் போகுது.”

மேல்தொட்டி காலியாகி, எந்திரத்தை நிறுத்தியிருந்த நேரம். சின்னவள் அடுத்த மூட்டையைத் தூக்கப் போனாள். “அந்தத் துணிக்குழாயை மட்டும் கட்டுங்க.” பெரியவள் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள். மோட்டார் மறுபடி ஓடியது.

கொட்டகைப் பாட்டு காற்றோடு வந்தது, பிறகு நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மூன்றுக்கு இரண்டு நிமிடம். பெரியவள் தராசுப் பக்கம், சின்னவள் தொட்டிப் பக்கம். நடுவில் கல் சுற்றியது. சின்னவள் முதல்முறையாகப் பயந்தாள். எந்திரத்தில் இரண்டு பேர். சொன்னபடியே. அவள் பெரியவளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே தானியத்தைத் தள்ளினாள். கண்ணை எடுத்தால் போய்விடுவாள் என்று தோன்றியது.

முள் மூன்றைத் தொட்டது.

பெரிதாக ஒரு சத்தம். ஊதியது போல, கிழிந்தது போல. உடனே அறை வெண்மையானது. சுவர் இல்லை, கதவு இல்லை, கை இல்லை. எல்லாம் வெள்ளை. சின்னவள் பெரியவள் நின்ற இடத்தைப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

போய்விட்டாள் என்று நினைத்தாள். அழ நேரமில்லை. கல் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்து, தடவி, தரையோடு ஊர்ந்து விசையைத் தேடினாள். கை பட்டது. நிறுத்தினாள்.

பெல்ட் மெல்ல அடங்கியது. நிசப்தம்.

அந்த நிசப்தத்தில் அவளுக்கு மேலே எங்கிருந்தோ ஒரு குரல் கேட்டது.

“ஏடி! போயிட்டியா?”

சின்னவள் தரையில் அப்படியே இருந்தாள்.

“என்னை விட்டுட்டுப் போயிட்டியாடி? ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டியே. ஆண்டவரே, அவளைக் கூட்டிக்கிட்டதுக்குத் தோத்திரம். என்னையும் பாருமே. நான் இங்கதான் நிக்கிறேன்.”

“அக்கா.”

“எங்கேர்ந்துடி பேசுறே?” பெரியவள் கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

“கீழ. உங்க கால்கிட்ட.”

மாவு மெதுவாகப் படிந்தது. முதலில் தராசு தெரிந்தது. பிறகு கதவு. பிறகு பெரியவள். முடி, புருவம், இமை, உடுப்பு எல்லாம் வெள்ளையாக, இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றிருந்தாள். கண்ணீர் ஓடிய இடம் மட்டும் இரண்டு கோடாகக் கறுத்திருந்தது.

“நான் போயிட்டேன்னா நினைச்சீங்க?” என்றாள் சின்னவள்.

“வேற என்ன நினைக்க? சட்டுன்னு வெளுத்துச்சு, பார்த்தா நீ இல்ல.”

“நான்தானே விடப்பட்டவ.”

“அதை அவங்க சொன்னாங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன், வாயைத் திறக்கல. ஆனா அந்த நிமிஷத்துல எனக்கு வேற யோசனையே வரலியே. உன்னைத்தான் கூட்டிக்கிட்டுப் போயிருப்பாருன்னு எனக்குத் தெரிஞ்சுது. சந்தேகமே வரல.”

சின்னவள் எழுந்து நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கடிகாரத்தில் மூன்று ஏழு. துணிக்குழாய் தரையில் கிடந்தது. அதை எடுத்துப் பார்த்தாள்.

“கட்டும்போது மடிச்சீங்களாக்கா?”

“எதை?”

முதலில் பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு இருவருக்கும் நிற்கவில்லை. ஒருத்தி முதுகை ஒருத்தி தட்ட, தட்டிய இடத்திலிருந்து புகை மாதிரி மாவு கிளம்பியது. கோழி வெள்ளையாக வெளியே ஓடியது.

“வருவாரு,” என்றாள் பெரியவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “இன்னிக்குன்னு அவர் சொல்லல. கணக்கு ஐயாதான் சொன்னாரு. எப்போ வந்தாலும் நான் இங்கதான் இருப்பேன். அந்த முடிச்சைச் சொல்லிக்குடு.”

“ரெண்டு சுத்து. ஒரு மடிப்பு. அப்புறம் முடிச்சு.”

நாலு மணிக்குச் சமையல்காரி வந்தபோது மூன்று மூட்டையும் தயாராக இருந்தன. இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். “உங்களை மட்டும் ரூபம் மாத்திட்டுப் போயிட்டாரா?” என்று கேட்டுவிட்டு வண்டியைத் தள்ளினாள்.

ஐந்து மணிக்குத் தெரு திரும்பிவந்தது. பேச்சில்லாமல், செருப்பைத் தேய்த்துக்கொண்டு. காலையிலிருந்து பட்டினி. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் மாவுப் பானை காலி. பக்கத்து ஊரில் கொடுத்த தானியத்தைப் பாதியாவது திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராக மில்லுக்கு வந்தார்கள். ஆறு மணிக்கு வரிசை டீக்கடையைத் தாண்டியது.

தையல்காரி பையோடு முன்னால் புகுந்தாள். “விடப்பட்டவ இருக்காளா உள்ளே?”

பெரியவள் தராசிலிருந்து நிமிர்ந்தாள். “இன்னிக்கு எல்லாருமே விடப்பட்டவங்கதான். போய் வரிசையில நில்லு.”

வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அன்று தெருவில் கேட்ட முதல் சிரிப்பு. தையல்காரியும் சிரித்துவிட்டுப் பின்னால் போனாள்.

கணக்கு ஐயா ஒரு சின்னப் பையோடு வந்தார். அவருக்கு யாரும் வழி விடவில்லை. யாரும் வையவும் இல்லை. தன் முறை வரும்வரை நின்றார். “கி.மு.விலிருந்து கி.பி.க்கு வரும்போது நடுவுல ஒரு பூஜ்ய வருஷம் சேர்த்துட்டேன்,” என்றார் சின்னவளிடம், தாழ்ந்த குரலில். “அப்படி ஒரு வருஷமே கிடையாது. பிள்ளைங்க செய்யிற தப்பு.”

“நைஸாவா ஐயா, கொரகொரப்பாவா?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “பல்லு இல்லம்மா. நைஸா.”

அவள் கல்லை ஒரு நூல் இறக்கினாள். மாவு வந்ததும் அவர் விரலில் எடுத்து வாயில் போட்டார். அங்கேயே நின்று இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார்.

மில்காரர் கடைசியாக வந்தார். வாசலில் நின்றார். கால் உள்ளே வரவில்லை. காதைச் சாய்த்துக் கேட்டார்.

“கல்லு நல்லா பேசுது,” என்றார்.

“நேத்துக் கொத்தினேன் மாமா.”

“தனியாவா?”

“தனியாத்தான்.”

அவர் கை பழக்கத்தில் முன்னால் நீண்டது, உள்ளங்கை மேலே பார்த்து. இருபத்தாறு வருடப் பழக்கம். சின்னவளின் கை இடுப்புக்குப் போய்ச் சாவியைத் தொட்டது. கல்லும் பேசிக்கொண்டிருக்க, வரிசையும் பார்த்துக்கொண்டிருக்க, பெரியவள் தராசைவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

“ஏங்க. ஆண்டவர் பேரைச் சொல்லிக் குடுத்ததைத் திரும்பக் கேக்கப் போறீங்களா?”

“நான் எங்கே கேட்டேன்?”

“கை கேக்குதே.”

அவர் தன் கையைப் பார்த்தார். யாருடையதோ போல. பிறகு அதை அப்படியே கொண்டுபோய்ப் பக்கத்திலிருந்த மூட்டையின் காதைப் பிடித்தார். குனிந்து தோளில் ஏற்றினார். சின்னவள் பதினோரு வருடம் ஏறிய படியில் ஏறி மேல்தொட்டியில் கொட்டினார். இறங்கி அடுத்த மூட்டைக்குப் போனார்.

“உன் அண்ணனுக்கு நாளைக்கு எழுதிடுறேன்,” என்றார் முதுகைக் காட்டிக்கொண்டே.

“என்னன்னு மாமா?”

“மில்லை விட்டுட்டு அவளால வர முடியாதுன்னு.”

வெயில் தெருவின் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. வெள்ளை உடுப்பில் நின்ற வரிசை மஞ்சளாகத் தெரிந்தது. சின்னவள் தலையிலிருந்த மாவைத் தட்டவில்லை. வாசல்படியில் ஏறி நின்றாள். வரிசை பேச்சை நிறுத்தி அவளை அண்ணாந்து பார்த்தது. அவள் மூச்சை இழுத்து, டீக்கடைக்கும் அப்பால் கேட்கிற குரலில் கூப்பிட்டாள்.

“அடுத்து யாரு?”